அப்பாவுக்கு ஏன் சின்ன எழுத்து?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், இரண்டாம் வகுப்பில் பயிலும் தம் மகளைக் கையில் பிடித்தவண்ணம் என்னை நோக்கி வந்தார். தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆகவே, பிள்ளைகளின் பாடத்தில் ஐயம் எழுந்தால் என்னைத் தேடி வருவது பங்கு மக்களின் வழக்கம்.

சிறுமியின் கையில் ஒரு நோட்டு இருந்தது. 'என் குடும்பம்' என்னும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள். 'மை ஃபாதர்' என்று அவள் எழுதிய இடங்களில் எல்லாம் 'ஃபாதர்' என்பதன் முதலெழுத்தைச் சிவப்பு மையால் சுழித்து, சிறிய எழுத்தாகத் திருத்தியிருந்தார் ஆசிரியை. ஆனால் கடைசி வரியில் பங்குத்தந்தையைப் பெயரோடு சேர்த்து 'ஃபாதர்' என்று எழுதியிருந்தாளே, அங்கே மட்டும் பெரிய எழுத்து அப்படியே விடப்பட்டிருந்தது.

"டீச்சர், நேற்று இரவெல்லாம் அழுகை. நானோ தமிழில் எட்டாவது வரை படித்தவள். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை" என்றார் தாய். சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "சாமியாருக்குப் பெரிய எழுத்து, எங்கள் அப்பாவுக்கு மட்டும் சின்ன எழுத்தா? அப்பா மூட்டை தூக்குகிறார் என்பதாலா?"

அந்தக் கேள்வி என்னை ஒரு கணம் திகைக்க வைத்தது. எத்தனை ஆண்டுகள் எத்தனை நோட்டுகளில் நானும் இப்படிச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன்! ஒரு குழந்தையின் நெஞ்சில் அந்தச் சுழி இப்படியும் விழக்கூடும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது புதிது

பெற்றோரே, ஒன்றை முதலில் நினைவிற் கொள்வோம். நம் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. 'அ' எங்கே வந்தாலும் 'அ' தான். வாக்கியத்தின் தொடக்கத்தில் அது பெருப்பதுமில்லை; நடுவில் சிறுப்பதுமில்லை. ஒருவருக்கு மரியாதை செய்ய விரும்பினால், நாம் எழுத்தின் அளவை மாற்றுவதில்லை. 'வந்தான்' என்பதை 'வந்தார்' என்று மாற்றுகிறோம். இந்தி, அரபி, எபிரேயம் ஆகிய மொழிகளின் எழுத்துகளும் இவ்வகையில் தமிழைப் போன்றவையே. உரோமை எழுத்து, கிரேக்க எழுத்து, உருசிய எழுத்து போன்ற சிலவற்றிலேயே ஒரே எழுத்துக்கு இரண்டு உருவங்கள் உள்ளன.

ஆகவே, ஐந்து வயதுத் தமிழ்க் குழந்தையிடம் நாம் இருபத்தாறு எழுத்துகளைக் கற்பிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் ஐம்பத்திரண்டு உருவங்களைக் கற்பிக்கிறோம். அதற்கும் மேலாக, எந்த உருவம் எந்த இடத்தில் என்ற, அதன் தாய்மொழியில் இல்லாத ஒரு சட்டத்தையும் கற்பிக்கிறோம். சட்டத்தின் காரணத்தைச் சொல்லாது விட்டால் குழந்தை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். 'பெரியவருக்குப் பெரிய எழுத்து, எளியவருக்குச் சின்ன எழுத்து' என்று அச்சிறுமி கற்பித்துக்கொண்டதும் இப்படித்தான்.

இரண்டு உருவங்கள் வந்த கதை

பழைய உரோமையருக்குக் கல்வெட்டில் இருந்தவை பெரிய எழுத்துகளே. கி.பி. 113-இல் உரோமையில் எழுப்பப்பட்ட திராயான் பேரரசரின் வெற்றித்தூணின் அடியில் உள்ள கல்வெட்டை இன்றும் காணலாம். அதில் சிறிய எழுத்து ஒன்றேனும் இல்லை. கல்லில் உளியால் வெட்ட அவ்வடிவங்கள் ஏற்றவை. ஆனால் தோலில் இறகுப் பேனாவால் வேகமாக எழுதும்போது கை வளைந்தது; எழுத்தும் வளைந்து உருண்டது.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் பேரரசரின் ஆட்சியில், திருநூல்களைப் பிழையின்றிப் படியெடுக்கும் பணி துறவு மடங்களில் பெருகியது. அப்போது தெளிவான, சிறிய, உருண்ட எழுத்து ஒன்று பரவலாயிற்று. யார்க் நகரைச் சேர்ந்த அல்குயின் என்னும் அறிஞர் 796 முதல் 804 வரை தலைவராயிருந்த தூர் நகரத்துப் புனித மார்ட்டின் மடம் அவ்வெழுத்துக்குப் பெயர்போனது. இன்று நம் பிள்ளைகள் எழுதும் சின்ன எழுத்துகளின் மூதாதை அதுவே. துறவியர் நூலைச் சிறிய எழுத்தில் எழுதி, தலைப்பையும் பகுதியின் தொடக்கத்தையும் பழைய பெரிய எழுத்தில் எழுதினர். 'இங்கே ஒன்று தொடங்குகிறது' என்று கண்ணுக்குக் காட்டுவதே பெரிய எழுத்தின் பணியாயிற்று.

பின்னர் அச்சு வந்தது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், பெரிய எழுத்துகள் மேற்பெட்டியிலும் சின்ன எழுத்துகள் கைக்கு எட்டும் கீழ்ப்பெட்டியிலும் இருந்தன. 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் அந்தப் பெட்டிகளிலிருந்து பிறந்தவை. அடிக்கடி வேண்டுவது கைக்கு அருகில். எப்போதோ வேண்டுவது மேலே. அவ்வளவே, இதில் உயர்வு தாழ்வு ஏதுமில்லை.

இரண்டே கேள்விகள்

இலக்கண நூல்களில் பெரிய எழுத்துக்குப் பத்துப் பன்னிரண்டு விதிகள் காணப்படும். சிறு குழந்தைக்கு அத்தனையும் வேண்டா. இரண்டு கேள்விகள் போதும்: 'இது தொடக்கமா? இது பெயரா?'

வாக்கியத்தின் முதற்சொல் தொடக்கம். ஆகவே பெரிய எழுத்து. முற்றுப்புள்ளி வைத்தாயிற்று என்றால் அடுத்த சொல்லும் தொடக்கமே. புள்ளியும் பெரிய எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் என்று குழந்தைக்குச் சொல்லுங்கள். ஒன்று வாசலை மூடுகிறது, மற்றது அடுத்த வாசலைத் திறக்கிறது.

இனி, பெயர். 'பாய்' என்றால் உலகிலுள்ள எந்தப் பையனுக்கும் பொருந்தும். அது சின்ன எழுத்து. 'பீட்டர்' என்றால் ஒருவனுக்கு இடப்பட்ட பெயர். அது பெரிய எழுத்து. 'ரிவர்' பொது, 'காவேரி' பெயர். 'டவுன்' பொது, 'திண்டுக்கல்' பெயர். நம் பெயருக்கு முன் வரும் தந்தையின் முதலெழுத்தும் ஒரு பெயரின் தலையே. ஆகவே அதுவும் பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி.

கிழமைகளும் மாதங்களும் இந்த இரண்டாம் கேள்வியிலேயே அடங்கும். ஜூலையும் ஆகஸ்டும் ஜூலியஸ் சீசர், அகுஸ்து சீசர் என்ற இருவரின் பெயரால் வழங்குபவை. கிறிஸ்து பிறப்பின் நற்செய்தியில், மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டவராக நாம் கேட்கிறோமே, அந்த அகுஸ்து தான் பின்னவர். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பொங்கல் ஆகியவை விழாக்களின் பெயர்கள், பெரிய எழுத்து. ஆனால் 'சம்மர்', 'வின்டர்' என்னும் பருவங்களுக்கு ஆங்கிலத்தில் சின்ன எழுத்தே வழக்கம். மொழிகளின் பெயரும் நாட்டினரின் பெயரும், அதாவது தமிழ், இங்கிலீஷ், இந்தியன் போன்றவையும், பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்.

முதலெழுத்தின் உருவம் பொருளையே மாற்றிவிடும் இடங்களும் உண்டு. 'மே' என்ற சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் மாதம். சின்ன எழுத்தில் தொடங்கினால் 'செய்யலாம்' என்பதிலுள்ள 'லாம்'. 'மார்ச்' பெரிய எழுத்தில் மாதம். சின்ன எழுத்தில் அணிவகுத்து நடத்தல். 'மாஸ்' பெரிய எழுத்தில் நம் திருப்பலி. சின்ன எழுத்தில் திரள். 'கத்தோலிக்' என்பதும் அவ்வாறே: பெரிய எழுத்தில் நம் திருச்சபையைக் குறிக்கும், சின்ன எழுத்தில் 'அனைத்தையும் தழுவிய' என்னும் பழம் பொருளைத் தரும்.

ஓர் எழுத்தின் உருவம் எவ்வளவு வேலை செய்யும் என்பது தமிழருக்குத் தெரியாததன்று. மேலே சுழித்த கொம்பினால் 'கெ' வேறு 'கே' வேறு எனக் கண்டவுடன் பிரித்தறியும் வசதியை நமக்குத் தந்தவர் வீரமாமுனிவர் (1680–1747) அல்லரோ? கொம்பின் ஒரு சுழியில் 'கெடு' 'கேடு' ஆகிறது. ஆங்கிலத்தில் அப்படியொரு சிறு அடையாளமே பெரிய எழுத்து என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

'நான்' ஏன் பெரிதாயிற்று?

'நான்' என்று பொருள்படும் 'ஐ' என்னும் சொல் வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்தே. ஆங்கிலேயர் தற்பெருமையினால் அவ்வாறு எழுதுகின்றனர் என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ஒற்றை எழுத்தாக இருக்கவில்லை. 'இச்' என்பது போல் ஒலித்தது. இடைக்காலத்தில் தேய்ந்து தேய்ந்து ஒரே எழுத்தாய்க் குறுகியது. கையால் எழுதிய ஏட்டில் தனியே நிற்கும் சின்னஞ்சிறு கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். அண்டைச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அது தொலைந்து போகாதிருக்கவே அதை நீட்டி எழுதினர் என்பது அறிஞர் கூறும் விளக்கம். பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் 'நான்' என்பது வாக்கிய நடுவில் சின்ன எழுத்தே.

பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: "கூட்டத்தில் தனியே நிற்கும் சின்னப் பிள்ளை தொலைந்துவிடாமல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்." அதன்பின் அவர்கள் அதை மறப்பதில்லை.

கடவுளின் பெயர்

'காட்' என்ற சொல்லை நாம் பெரிய எழுத்தில் எழுதுவது, ஒரே இறைவனை அச்சொல்லால் பெயரிட்டு அழைப்பதனால். பிற இனத்தார் வணங்கிய தெய்வங்களைப் பொதுவில் சொல்லும்போது அதே சொல் சின்ன எழுத்தில் வரும். இனி, 'அவர்' என்று இறைவனைச் சுட்டும் 'ஹீ' என்னும் சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதும் பழக்கம் செபப் புத்தகங்கள் பலவற்றில் உண்டு. அது பக்தியினால் வந்த வழக்கமேயன்றி இலக்கண விதியன்று. 1611-இல் வெளியான புகழ்பெற்ற ஆங்கில விவிலியத்தில் அவ்வழக்கம் இல்லை. ஆகவே இவ்விடத்தில் குழந்தை எவ்வாறு எழுதினாலும் கடிந்துகொள்ள வேண்டா. பள்ளி நூலில் உள்ளபடி எழுதச் சொன்னால் போதும்.

எதை முதலில்? எப்படி?

பல வீடுகளில் குழந்தைக்கு முதலில் இருபத்தாறு பெரிய எழுத்துகளையும் ஒப்பிக்கக் கற்பித்துவிட்டு, பின்னரே சின்ன எழுத்துக்கு வருகின்றனர். பெரிய எழுத்து நேர்கோடுகளால் ஆனது, எழுத எளிது என்பது உண்மையே. ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பக்கம் முழுவதும் நிறைந்திருப்பவை சின்ன எழுத்துகள் அல்லவா? படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அவையே முதலில் வேண்டும். எனவே சின்ன எழுத்துகளை ஒலியோடு சேர்த்து, நாளுக்கு ஒன்றோ இரண்டோ கற்பியுங்கள். பெரிய எழுத்தில் முதலில் ஒன்றே ஒன்று போதும்: தன் பெயரின் முதலெழுத்து. பிறகு அம்மா, அப்பா, அண்ணன், தங்கை ஆகியோர் பெயரின் முதலெழுத்துகள். வீட்டார் பெயர்கள் முடிவதற்குள் பத்து எழுத்துகள் வந்துவிடும்.

எழுதிப் பழகத் தாளுக்கு முன் மணல் நல்லது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே கற்றனர். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்திற்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பள்ளியொன்றில் இதைக் கண்டு வியந்து, தம் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தை அவ்வாறே கற்பித்தார். அந்த அனுபவத்தை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரால் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் மணல் பரப்பிய பலகை இடம்பெற்றது. உரோமையில் 1907-இல் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி உணரச் செய்தார். 1939-இல் சென்னைக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். ஒரு தட்டில் கோலமாவைப் பரப்பிக் கொடுத்தால் நம் வீட்டிலும் அதே பாடம் நடக்கும். பிழையானால் தட்டை அசைத்தால் போதும். அழிப்பான் வேண்டா, அழுகையும் வேண்டா.

பின்னர் நான்கு கோட்டு நோட்டு. பெரிய எழுத்து மேலிருந்து மூன்றாம் கோடு வரை நிற்கும். சின்ன எழுத்தின் உடல் நடு இரண்டு கோடுகளுக்குள் அடங்கும். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழும் இரு வகையிலும் ஏறத்தாழ ஒரே உருவமுடையவை. அளவு மட்டுமே வேறு. கோடில்லாத தாளில் குழந்தை இவற்றில் தடுமாறுவது இயல்பு. நான்கு கோட்டில் நன்கு பழகிய பின்னரே வெற்றுத்தாளைக் கொடுங்கள்.

சொல்லின் நடுவே பெரிய எழுத்து

சொல்லின் நடுவில் திடீரென ஒரு பெரிய எழுத்தைப் போடும் பிள்ளைகள் பலர். கவனக்குறைவு என்று நாம் அடித்தும் திருத்துகிறோம். சற்று உற்றுப் பாருங்கள்: அப்படி வருவது பெரும்பாலும் 'பி' அல்லது 'டி' ஆக இருக்கும். ஏன்? சின்ன எழுத்தில் இவை ஒரு வட்டமும் ஒரு கோடுமே. கோடு இடப்புறம் உயர்ந்தால் ஓர் எழுத்து, வலப்புறம் உயர்ந்தால் மற்றோர் எழுத்து; கோடு கீழே இறங்கினால் வேறு இரண்டு எழுத்துகள். குழந்தைக்குக் குழப்பம். பெரிய எழுத்தில் அந்தக் குழப்பமில்லை. ஆகவே, தவறிவிடக் கூடாதே என்று தனக்கு நன்கு தெரிந்த உருவத்தை அது எழுதுகிறது. அது கவனக்குறைவன்று, கவனத்தின் மிகுதி! அடிப்பதற்கு மாறாக, அந்த இரண்டு சின்ன எழுத்துகளையும் ஒரு வாரம் தனித்தனியே மாவில் எழுதிப் பழக்குங்கள். முதலில் ஒன்று, அது நிலைத்த பின்னரே அடுத்தது.

முக்கியமென்று தோன்றும் பொருளின் பெயருக்கெல்லாம் பெரிய எழுத்துப் போடும் பிள்ளைகளும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் தாமே அவ்வாறுதான் எழுதினர். ஜெர்மானியர் இன்றும் எல்லாப் பெயர்ச்சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றனர். ஆகவே இது அறிவீனமன்று. இன்றைய ஆங்கில வழக்கம் வேறு, அவ்வளவே.

வீட்டில் ஒரு விளையாட்டு

ஆங்கிலம் அறியாத தாயும் கற்பிக்கக்கூடிய விளையாட்டு ஒன்று சொல்கிறேன். பழைய ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு துண்டைக் குழந்தையிடம் கொடுங்கள். செய்தியின் உட்பகுதியில் உள்ள பெரிய எழுத்துகளை எல்லாம் வண்ணப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்திற்கும், "தொடக்கமா? பெயரா?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை. முன்னால் முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்குத் தெரியும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

திருத்தும்போது, பிழையை நீங்கள் சுழிக்காதீர்கள். "இந்த வரியில் ஒரு பெரிய எழுத்து ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். தானே கண்டுபிடித்த பிழையைக் குழந்தை மறப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. கடைப் பலகைகளும் பேருந்துப் பெயர்களும் நாட்காட்டிகளும் பெரும்பாலும் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். வங்கிப் படிவத்திலும் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வார்கள். படிப்பவர் தடுமாறாதிருக்க அது ஏற்பாடு. அவை தனி வழக்கங்கள், வாக்கியம் எழுதும் முறை அன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கைபேசியோ புள்ளி வைத்தவுடன் தானாகவே பெரிய எழுத்தைப் போட்டுவிடுகிறது. பிள்ளை அதை நம்பிப் பழகினால் தேர்வுத்தாளில் தடுமாறும். ஆகவே நாள்தோறும் மூன்று வரியேனும் கையால் எழுதட்டும்.

சிறுமிக்குச் சொன்ன விடை

அன்று கோயில் முற்றத்து வேப்பமர நிழலில் அமர்ந்து, அச்சிறுமியின் நோட்டைத் திருப்பினேன். "கண்ணே, 'கிங்' என்றால் என்ன?" என்றேன். "அரசர்." "ஓர் அரசர் வந்தார் என்று எழுதினால் அவருக்கும் சின்ன எழுத்துத்தான். 'ப்ரீஸ்ட்' என்று பொதுவாய் எழுதினால் நம் சாமியாருக்கும் சின்ன எழுத்துத்தான். இது ஆளுக்குப் போடும் எழுத்தில்லை. பெயருக்குப் போடும் எழுத்து."

அவள் முகம் சற்றுத் தெளிந்தது. நான் தொடர்ந்தேன்: "'மை ஃபாதர்' என்றால் 'என் தகப்பனார்' என்று உறவைச் சொல்கிறாய், அது பெயரில்லை. ஆனால் நீ அவரை 'அப்பா' என்று கூப்பிடுகிறாய் அல்லவா? அப்போது அதுவே அவருக்குப் பெயர். கூப்பிட்டு எழுதும்போது பெரிய எழுத்துப் போடலாம். எந்த டீச்சரும் சுழிக்க மாட்டார்கள்."

சிறுமி பென்சிலை வாங்கி, நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். 'ஃபாதர், ப்ளீஸ் கம் ஹோம் ஏர்லி.' முதலெழுத்தைப் பெரிதாக, கோட்டுக்கு மேலும் சற்று நீட்டியே எழுதியிருந்தாள். வாக்கியத்தின் தொடக்கம் அது. அழைக்கும் பெயரும் அது. இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்பதே விடை.

தாய் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றார். மகள் விரல் வைத்து அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, இருவரும் வாயிலை நோக்கி நடந்தனர்.